கருங்கல் தூண்களில் கைவேலை இரும்புக் கேட் பொருத்துவது எப்படி?

கேள்வி (காவேரிப்பட்டினம்)

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினத்திற்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பில் இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்கு இடையே 12 அடி அகலம். அங்கிருந்த மரக் கதவு இற்றுப்போய்விட்டதால், உலையில் காய்ச்சி அடித்த சுருள் வேலையுடன் இரட்டைக் கதவாக இரும்புக் கேட் அமைக்க விரும்புகிறோம். விசாரித்த பட்டறைகளில் பெரும்பாலும் குழாய்ச் சட்டத்தில் வார்ப்புப் பூக்களை வெல்டிங் வைத்துத் தருவதாகவே சொல்கிறார்கள். உண்மையான கைவேலையை அடையாளம் காண்பது எப்படி, அதன் எடையைத் தூண்கள் தாங்குமா, துருப்பிடிக்காமல் இருக்க என்ன பூச வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (பாலக்கோடு, கொல்லுப்பட்டறை)

ஐயா, சுருளின் நுனியைப் பாருங்கள். வார்ப்பில் நுனி மொட்டையாக இருக்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடும் ஓரத்தில் மெல்லியதாகத் தெரியும். கையால் அடித்த சுருளில் நுனி மெலிந்தோ, மீன்வாலைப் போல விரிந்தோ இருக்கும். கம்பியின் முனையை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகக் காய்ச்சி, பட்டறைக்கல்லின் விளிம்பில் வைத்துத் தட்டித் தட்டி முதல் சுற்றை மடக்குவோம். சிவப்பு மங்கியதும் நிறுத்திவிட்டு மறுபடி உலைக்குள் வைப்போம். மங்கிய இரும்பை அவசரப்பட்டு அடித்தால் மடிப்பில் வெடிப்பு விழும். அப்படிப்பட்ட வேலை பெயின்ட் அடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாது என்பதால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

வார்ப்பு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அழகு மட்டுமே காரணம் இல்லை. வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்திற்கு மேல் இருக்கும். கம்பிகள் செய்யும் மென் இரும்பில் கால் சதவீதத்தைத் தாண்டாது. இரண்டையும் சாதாரண ராடு கொண்டு வெல்டிங் வைத்தால், ஒட்டின் ஓரத்தில் வார்ப்புப் பகுதி கண்ணாடிபோல் இறுகிவிடும். கேட் சில முறை வேகமாக மோதி மூடினாலே பூ அங்கே கழன்றுவிடும்.

சுருள்களைச் சட்டத்தோடு சேர்க்க, பட்டையைச் சூட்டோடு சுற்றிக் கட்டும் வளையத்தையும், சூடாக அறைந்து தலை பரப்பும் ரிவெட்டையும் கேளுங்கள். வளையம் ஆறும்போது சுருங்கி இரண்டு கம்பிகளையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கூலியை முழுவதும் எடைக்கணக்கில் பேசிவிடாதீர்கள். எடைக்குப் பணம் என்றால் கம்பி தடிக்கும், சதுர அடிக்குப் பணம் என்றால் கம்பி மெலியும். சட்டத்திற்கு எடைக்கணக்கும், சுருளுக்குத் தனிக்கூலியும் பேசுவதே இரு தரப்புக்கும் நியாயம். கேட்டின் முழு அளவுப் படத்தைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து காட்டச் சொல்லி, அதன் முன் நின்று சம்மதம் சொன்ன பிறகே இரும்பை வெட்டச் சொல்லுங்கள். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அந்த மண்ணில் கைவேலை கேட்டு நீங்கள் அலைய வேண்டியிருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பதில் (தருமபுரி, கட்டடப் பொறியாளர்)

தூணைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் எடையைக் கணக்கிடுவோம். சதுரக் கம்பியின் பக்க அளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.00785ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ, 25 மி.மீ. கம்பி 4.9 கிலோ. 6 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள ஒரு கதவுக்கு 25 மி.மீ. சட்டம், 16 மி.மீ. நெடுங்கம்பிகள், பட்டைச் சுருள்கள் எல்லாம் சேர்த்தால் 100 கிலோவை ஒட்டி வரும்.

அடியில் குழியச்சு, அதாவது கதவின் கீழ்முனை உட்கார்ந்து சுழலும் குழி, வைத்தால் இந்த எடை முழுவதையும் அதுவே தாங்கிக்கொள்ளும். தூணுக்குச் சோதனை மேல் கீலில்தான் இருக்கிறது. கதவின் எடை அதன் நடுவில், அதாவது கீலிலிருந்து 0.9 மீட்டரில் இருப்பதாகக் கொண்டு, மேல் கீலும் கீழ் அச்சும் 1.2 மீட்டர் விலகியிருந்தால், மேல் கீல் தூணைக் கிடையாக 75 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் கதவின் நுனியில் தொங்கினால் இன்னும் 90 கிலோ கூடும். ஆகவே கீல்களை முடிந்தவரை விலக்கி வையுங்கள். தூண் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை ஒரு பக்கம் தோண்டிப் பாருங்கள். கல்லில் பழைய துளைகள் இருக்கின்றனவா?

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சாலையைப் பார்த்து நிற்கும்போது இடது பக்கத் தூணில் பழைய இரும்புக் கொக்கி ஒன்று ஈயம் ஊற்றிப் பதித்தபடி இருக்கிறது. அதைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல் ஓடுகிறது. அதே துளையைப் பயன்படுத்தலாமா?

பதில் (தருமபுரி, கட்டடப் பொறியாளர்)

கூடாது. துரு தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். துளைக்குள் அதற்கு இடம் இல்லாததால் கருங்கல்லையே பிளக்கும். உங்கள் விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அந்தத் தூணை அழகுக்காக அப்படியே நிறுத்திவிட்டு, அதற்கு உட்புறமாக ஒரு இரும்புக் கம்பத்தைக் கான்கிரீட் அடித்தளத்தில் நட்டுக் கதவை அதில் மாட்டுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல் தெரிவதற்காக வலது பக்கமும் அப்படியே செய்வதுதான் என் பரிந்துரை.

கல்லிலேயே மாட்டியாக வேண்டும் என்றால், விரிசல் இல்லாத தூணில், விளிம்பிலிருந்து நன்கு உள்ளே தள்ளி, அதிர்ச்சி இல்லாத வைர முனைத் துளைப்பானால் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகு முளையை எபாக்சிப் பசையில் பதிக்கச் சொல்லுங்கள். துளைக்குள் கல்தூள் இருந்தால் பசை பிடிக்காது. ஊதியும் தூரிகையால் தேய்த்தும் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பழைய முறையில் ஈயம் ஊற்றுகிறோம் என்று யாராவது சொன்னால், துளையில் ஈரம் இருந்தால் 327 டிகிரிக்கு மேல் உருகியிருக்கும் ஈயம் முகத்தில் தெறிக்கும் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

பதில் (ஓசூர், பூச்சு வேலை ஒப்பந்தக்காரர்)

பூச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதுக் கம்பியின் மேல் கருநீலமாக ஒரு செதில் படர்ந்திருக்கும். உலையில் காய்ச்சிய இடங்களில் இன்னும் தடிப்பாக இருக்கும். அதன் மேலேயே ரெட் ஆக்ஸைடு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால், செதில் உதிரும்போது பெயின்ட்டும் சேர்ந்து உதிரும். மணல் வீச்சு முறையில் செதிலை முழுவதும் எடுத்துவிட்டு, அன்றைக்கே துத்தநாகம் கலந்த எபாக்சிப் பிரைமரும், அதன் மேல் பாலியூரித்தேன் பெயின்ட்டும் அடியுங்கள்.

450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங் சாதாரண கேட்டுக்கு மிக நல்லது. ஆனால் வளையமும் ரிவெட்டும் போட்ட வேலையில், இரண்டு கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடுக்கில், முன்னதாகக் கழுவும் அமிலம் தங்கிப் பின்னால் கசிந்து வெளிவரும். மூடிய குழாய் இருந்தால் காற்றுப்போக்குத் துளை இல்லாமல் முக்கவே கூடாது, வெடிக்கும். உங்கள் வேலைக்குப் பிரைமர் வழிதான் சரி. வளையங்களின் அடியில் பிரைமர் தானாகப் போகாது. சிறு தூரிகையால் உள்ளே தள்ளி அடிக்க வேண்டும், காய்ந்த பிறகு இடுக்கை சீலன்ட்டால் அடைக்க வேண்டும்.

பதில் (பாலக்கோடு, கொல்லுப்பட்டறை)

ஓசூர் நண்பர் சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: பூச்சுக்கு அனுப்பும் முன், கேட்டை வெறும் இரும்பாகவே கொண்டுவந்து மாட்டி, முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சரிசெய்ய வேண்டியதை அப்போதே கிரைண்டர் வைத்துச் செய்தால் பெயின்ட் வீணாகாது. அடியில் உள்ள குழியச்சைத் தரைமட்டத்திலிருந்து சற்று உயர்த்தி, மழைநீர் வடிய ஒரு துளையும் விட்டு, கிரீஸ் வைத்து மாட்டச் சொல்லுங்கள்.