சிறுநீரக ரத்தக்குழாய் அடைப்பு: சாயம் குறைவாகச் செலுத்தி ஸ்டென்ட் வைக்கும் இடம் வேண்டும்

தக்கலை. அம்மைக்கு வயது 66. சர்க்கரை இல்லை. அம்லோடிபின் 10, குளோர்தலிடோன் 12.5, மெட்டோபுரோலால் 50 எல்லாம் நேரம் தவறாமல் கொடுத்தும் பிரஷர் 180/100க்குக் கீழே வரவில்லை.

நான்கு மாதம் முன்பு டெல்மிசார்டன் 40 சேர்த்தார்கள். பத்தே நாளில் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.3இலிருந்து 2.2. நிறுத்தியதும் 1.5க்கு இறங்கியது. குழாய் சுருங்கிய சிறுநீரகம், வடிகட்டும் அழுத்தத்தை ஆஞ்சியோடென்சின் என்ற, குழாயை இறுக்கும் ஹார்மோனை வைத்துத்தான் தாங்கிப் பிடிக்கிறது. மாத்திரை அதைத் தடுத்ததும் வடிகட்டல் சரிந்துவிட்டது. அதனால்தான் சிறுநீரக ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். வலது சிறுநீரகம் 8.3 செ.மீ., இடது 10.2. ரத்த வேகம் வலதில் நொடிக்கு 310 செ.மீ., இடதில் 270. 200 தாண்டினாலே சந்தேகம். இடதில் எதிர்ப்புக் குறியீடு (சிறுநீரகத்துக்குள் ரத்தம் ஓட எவ்வளவு தடை என்ற அளவு) 0.68, அதாவது அந்தச் சிறுநீரகம் இன்னும் பிழைக்கும்.

பயமெல்லாம் வேறு. இரண்டு மாதத்தில் இரண்டு முறை, நடுராத்திரி திடீரென நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 60 சதவீதம், நன்றாகவே இயங்குகிறது. ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின் போகிறது, உப்பும் குறைத்தாச்சு. பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும், ஸ்டென்ட் கூடுதல் பலன் தருவதில்லை என்பது தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் அடைத்து, இப்படி நீர் கோக்கும்போது கணக்கு வேறு. ஆஞ்சியோவில் குழாய் தெரியச் செலுத்தும் சாதாரண அயோடின் சாயம் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடலாம்.

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ அந்தச் சாயத்தைக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தி சிறுநீரக ஆஞ்சியோவும் ஸ்டென்டும் எங்கே செய்கிறார்கள்?