புவியியல் பட்டதாரிக்கு நீர்வள முகாமைத்துவ முதுமாணி பொருந்துமா?

வெள்ளவத்தை வாசி:
வணக்கம். புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகளாகக் கொழும்பில் பணியாற்றுகிறேன். நீர்வள முகாமைத்துவத்தில் முதுமாணி செய்வதற்கு மொறட்டுவையா, பேராதனையா, அல்லது கடன்பட்டாவது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகருக்குப் போவதா என்று தெளிவில்லை. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு. கணிதம் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. பாடநெறியின் பெயரில் 'நிலைபேறு' என்ற சொல் இருந்தால் கணிதம் குறைவாக இருக்கும் என்கிறாள் தோழி. உண்மையா?

துருசடி:
தங்கச்சி, அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நிலத்தடியில் மழையால் ஊறும் நீர் எவ்வளவு, நாம் இறைப்பது எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் நிலைபேறு பற்றிப் பேச முடியாது. மொறட்டுவையில் யுனெஸ்கோவின் மதன்ஜீத் சிங் நிலையம் நடத்தும் முதுமாணியின் பெயரிலேயே பொறியியல் இருக்கிறது. பேராதனையின் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் மண், பயிர், நீர்ப்பாசனம் என்ற பக்கத்திலிருந்து நீரை அணுகும். விண்ணப்பிக்கும் முன் ஒரு மழைநாளில் கிராண்ட்பாஸ் பக்கம் போய், நாகலகம் வீதியில் களனி ஆற்றின் நீர்மட்டம் காட்டும் அளவுகோலைப் பாருங்கள். இன்னும் அடிக்கணக்கில்தான் வாசிக்கிறார்கள். அந்த அடியை வினாடிக்கு இத்தனை கனமீற்றர் என்று எப்படி மாற்றுகிறார்கள் என அறியும் ஆவல் உங்களுக்கு எழுந்தால், விடுபட்ட கணிதத்தை ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம்.

கிணற்றடி:
துருசடி அண்ணா சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். என் ஆய்வு யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பற்றியது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் உச்ச அளவு. அதை ஒரு மாணவி ஆய்வுகூடத்தில் அளந்துவிடலாம். ஆனால் வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில், வெங்காயப் பாத்திக்கு இட்ட உரமும் மலசலகூடக் குழிக் கசிவும் அதே சுண்ணாம்புக் கல்லூடாக அதே கிணற்றில் இறங்குகின்றன என்பதை, அந்த நீரையே அள்ளித் தேநீர் போட்டுத் தந்த ஆச்சியிடம் எப்படிச் சொல்வது என்று எந்தச் சமன்பாடும் எனக்குக் கற்றுத் தரவில்லை. புவியியல் படித்தவருக்கு அங்கேதான் இடம் இருக்கிறது. புவியியல் தகவல் முறைமை தெரியுமென்றால் நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை.

பத்தரமுல்லைக்காரன்:
கடன் வேண்டாம். டெல்ஃப்டோ பாங்கொக்குக்கு அருகிலுள்ள ஆசிய தொழில்நுட்ப நிறுவகமோ, புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டும் போங்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம் இங்கே பத்தரமுல்லையில் இருக்கிறது. அவர்களுடைய ஆய்வறிக்கைகள் இணையத்தில் இலவசம். நான்கைந்தை வாசித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் மனம் சாய்கிறதென்று தெரியும்.

வெள்ளவத்தை வாசி:
மூவருக்கும் நன்றி. மழை குறைந்த மாதங்களில் களனியின் ஓட்டம் மெலிய, மணல் அகழ்ந்து ஆழமாகிப் போன படுகை வழியே கடலுப்பு, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை நீரெடுப்பிடத்தை நோக்கி ஏறி வருவதைப் பற்றி எழுத நினைக்கிறேன். அதில் அளவீடும் உண்டு, மணல் அள்ளுவோரின் பிழைப்பும் உண்டு. துருசடி அண்ணா, கணிதத்தை எங்கிருந்து தொடங்கலாம்?

துருசடி:
முதலில் புள்ளிவிபரவியல், பிறகு நுண்கணிதம். மணல் அள்ளுவோரிடம் பேசுவதற்குச் சிங்களமும் வேண்டும்.