ஈசியூ ஃபிளாஷ் 63 சதவீதத்தில் நின்றுவிட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: உதவி தேவை

டீசல்தம்பி:
வணக்கம். 2014 டீசல் கார், இன்ஜினை இயக்கும் கணினி, அதாவது ஈசியூ, பாஷ் ஈடிசி17 மாடல். நேற்று ராத்திரி வீட்டு ஷெட்டில் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் வழியாக, இன்ஜின் அமைப்புகளை மாற்றும் ரீமேப் ஃபைலை ஏற்றினேன் (ஃபிளாஷ்). 63 சதவீதத்தில் அப்படியே நின்று, தொடர்பு போய்விட்டது. இப்போது சாவி போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஸ்கேனரில் ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் வருகின்றன, இன்ஜின் மட்டும் வாயே திறக்கவில்லை. ஈசியூ போய்விட்டதா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பட்டறைக்காரர்:
பதறாதீங்க தம்பி. பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருந்தீர்களா? வோல்ட் எவ்வளவு இருந்தது? ரீமேப்புக்கு முன் ஈசியூவில் இருந்து ரீட் செய்த ஒரிஜினல் ஃபைல் கையில் இருக்கிறதா?

டீசல்தம்பி:
சார்ஜர் மாட்டவில்லை அண்ணா. பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான், தாங்கும் என்று நினைத்தேன். தொடங்கும்போது 12.4. பாதியில் ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் சுற்றத் தொடங்கியது. நின்ற பிறகு மல்டிமீட்டர் வைத்தால் 11.5. ஏசி புளோயரும் ஓடிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். ஒரிஜினல் பென் டிரைவில் இருக்கிறது.

பட்டறைக்காரர்:
அந்த ஃபேன்தான் கரண்டைக் குடித்திருக்கிறது. எழுதும்போது ஈசியூ மற்ற வேலைகளை நிறுத்திவிடும். இன்ஜின் சூடு தெரியாததால் பல வண்டிகளில் பாதுகாப்புக்கென்று ஃபேன் முழுசாக ஓடும். ஆறு மாத பேட்டரியானாலும் 12.4 என்பது நிறைந்த பேட்டரி இல்லை.

ஈசியூ செத்திருக்க வாய்ப்பு குறைவு. ஈசியூவை எழுப்பி புது ஃபைலை வாங்கிக்கொள்ளும் சிறு புரோகிராமான பூட்லோடர் தனிப் பகுதியில் இருக்கும், ஓபிடி வழியாக எழுதும்போது பொதுவாக அதைத் தொடுவதில்லை. அது இருந்தால் மறுபடி எழுதலாம். ஃபைல் ஏற்றும் டூலில் ரெக்கவரி என்று ஒன்று இருக்கும், அதில் ஒரிஜினலை மட்டும் ஏற்றுங்கள். ரீமேப் பக்கமே போகாதீர்கள்.

அதற்கு முன் கரண்ட். வீட்டில் இருக்கும் 4 ஆம்பியர் சார்ஜர் அந்த ஃபேனுக்கே போதாது. 13.5 வோல்ட்டை ஆடாமல் தரும், 30 ஆம்பியருக்கு மேல் தாங்கும் பவர் சப்ளை வாடகைக்காவது எடுங்கள். இன்ஜின் ஓடும் இன்னொரு காரிலிருந்து ஜம்பர் போட வேண்டாம். ஹெட்லைட், புளோயர், ஸ்டீரியோ எல்லாம் ஆஃப்.

மதுரை_ஸ்கேனர்:
ஒரு சந்தேகம். அந்த ஒரிஜினலை ரீட் செய்ய எவ்வளவு நேரம் ஆனது? ஓரிரு நிமிடம்தான் என்றால் அது உங்கள் ஈசியூவில் இருந்து வந்ததாக இருக்காது. சில டூல்கள் சாஃப்ட்வேர் நம்பரை மட்டும் படித்து, அதற்குரிய ஃபைலை சர்வரில் இருந்து இறக்கித் தரும். நம்பர் ஒரு எழுத்துகூட மாறாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். மலிவான நகல் கேபிள் என்றால் செக்சத்தை (ஃபைல் சரியா என்று ஈசியூ சரிபார்க்கும் எண்) திருத்தாமலே விட்டுவிடும், எழுதி முடித்தும் வண்டி கிளம்பாது. லேப்டாப்பில் ஸ்லீப், அப்டேட் இரண்டையும் நிறுத்துங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேராக மாட்டுங்கள்.

பட்டறைக்காரர்:
சரியாகச் சொன்னார். ரெக்கவரியும் பிடிக்கவில்லை என்றால் ஈசியூவை வண்டியிலிருந்து கழற்றி, பெஞ்சில் (பட்டறை மேசையில்) வைத்து நேராக வயர் கொடுத்து எழுதலாம். அதற்குள் புதுசு வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். புதுசு போட்டால், சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசரோடு அதைச் சேர்க்கும் வேலையும் வரும்.

டீசல்தம்பி:
அண்ணா, ஓடிவிட்டது! ரீட் அன்றைக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது, நம்பரும் பொருந்தியது. பவர் சப்ளை வாடகைக்கு எடுத்தேன். முதல் தடவை இணையவில்லை, சாவியை ஆஃப் செய்து போட்டதும் பிடித்தது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தும் வோல்ட் 13.4-க்குக் கீழே இறங்கவில்லை. ஏபிஎஸ்ஸில் யு0100 கோடு இருந்தது, அழித்ததும் திரும்ப வரவில்லை.

மதுரை_ஸ்கேனர்:
அது இன்ஜின் ஈசியூ பேசவில்லை என்று மற்ற மாட்யூல் எழுதி வைத்த புகார்தான். ரீமேப் எப்போது?

டீசல்தம்பி:
முதலில் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன்.