டெஸ்லா ரோட்ஸ்டர்: இலை காய்ந்துவிட்டது, பாயசம் எங்கே?

கியர்மாமா (19 டிசம்பர் 2024)
2017 நவம்பர், கலிபோர்னியா. டெஸ்லாவின் மின்சார லாரி அறிமுக விழா முடியும் நேரத்தில் அதே லாரிக்குள்ளிருந்து ரோட்ஸ்டர் என்ற சிவப்பு மின்சாரக் கார் இறங்கியது. பூஜ்யத்திலிருந்து 60 மைல் வேகத்துக்கு 1.9 நொடி, ஒரு சார்ஜில் 620 மைல், விலை 2 லட்சம் டாலர், 2020இல் வரும் என்றார்கள். போன பிப்ரவரியில் டெஸ்லா தலைவர் எலான் மஸ்க், இந்த வருஷ முடிவுக்குள் இறுதி வடிவம், அடுத்த வருஷம் டெலிவரி என்றார். இன்னும் 12 நாள்தான். அந்த லாரியே 2022இல் பெப்சிகோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

மின்னல்வண்டி
நீங்கள் வாங்கப் போகிறீர்களா சார்? இல்லையே, அப்புறம் என்ன அவசரம்? 2017 முதல் 2019 வரை மாடல் 3 என்ற விலை குறைந்த காரின் தயாரிப்பில் சிக்கி, திவாலுக்கு ஒரு மாதம்தான் பாக்கி என்ற நிலை வரை போனதாக மஸ்க்கே பின்னாளில் சொன்னார். அந்த நேரத்தில் பணக்காரர்களின் பொம்மையைச் செய்திருந்தால் இன்று கம்பெனியே இருக்காது. முதலில் சோறு, பிறகுதான் பாயசம். அவரும் 2020இல் ரோட்ஸ்டரை விருந்தின் கடைசி இனிப்போடுதான் ஒப்பிட்டார்.

கியர்மாமா
சரி, பாயசம் கடைசியில்தான். ஆனால் அதற்குக் காசை மட்டும் இலை போடும்போதே வாங்கிவிட்டார்களே? முன்பதிவுக்கு 50,000 டாலர். முதல் 1,000 சிறப்புப் பதிப்புக் கார்களுக்கு முழு விலையான இரண்டரை லட்சத்தையும் முன்கூட்டியே. வருஷத்துக்கு 5 சதவீத வட்டி போட்டாலே இன்று மூன்றரை லட்சம் ஆகியிருக்கும்.

கணக்குப்பிள்ளை
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அதே பணத்துக்கு அன்று டெஸ்லா பங்கு வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட 20 மடங்கு. கார் வராவிட்டாலும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

பழையபிஸ்டன்
மின்சாரக் கார் செய்யும் குரோஷியாவின் ரிமாக் சின்னக் கம்பெனி. 2018 மார்ச்சில் ஜெனீவாவில் மாதிரியைக் காட்டினார்கள், 2022இல் அந்தக் காரை, நெவேரா என்ற பெயரில், வாடிக்கையாளர் கையில் கொடுத்தே விட்டார்கள். 60 மைலுக்கு 1.85 நொடி.

மின்னல்வண்டி
விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள், சுமார் 20 லட்சம் யூரோ! அந்த விலைக்கு யாரும் செய்வார்கள். மேலும் 2021இல் மாடல் எஸ் பிளெய்ட் என்ற குடும்பக் காரே 1.99 நொடி என்று வந்துவிட்டது. 2017இன் கணக்கோடு இப்போது ரோட்ஸ்டரை இறக்கினால் நீங்களே சிரிப்பீர்கள். இலக்கை உயர்த்தத்தான் வேண்டும்.

கியர்மாமா
அங்கேதான் எனக்கு எரிச்சல். தாமதத்தால் பழைய இலக்கு பழசானது. அதை மறைக்கப் புது இலக்கு, 60 மைலுக்கு ஒரு நொடிக்கும் குறைவு என்கிறார்கள். அதற்கு ஈர்ப்புவிசையைப் போல 2.7 மடங்கு தள்ளல் வேண்டும். தெருவில் ஓடும் டயருக்கு அத்தனை பிடிப்பு ஏது? 2018இலிருந்து சொல்லிவரும் அழுத்தக் காற்று உந்திகளை, அதாவது காற்றைப் பீய்ச்சிக் காரைத் தள்ளும் கருவிகளைப் பொருத்தினால்தான் உண்டு. அதற்கு இன்னும் எத்தனை வருஷமோ. 1.9 நொடிக் காரையே கொடுங்கள் என்றுதான் காசு கட்டினவர்கள் கேட்பார்கள்.

மின்னல்வண்டி
காசு கட்டினவர்கள் கேட்கட்டும் சார். 12 நாள் இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

கணக்குப்பிள்ளை
மஸ்க்கின் சொந்தக் கார், பழைய மாடல் ரோட்ஸ்டர், 2018இல் ராக்கெட்டில் ஏறிப்போய் இன்னும் சூரியனைச் சுற்றுகிறது. இதுவரை கிளம்பினது அது ஒன்றுதான்.