கடல்நீர் பம்பு ஒன்றுக்கு 2,400 ரிங்கிட்: எஞ்சின் நிறுவனம் சொல்லும் விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கொண்டல் (லங்காவி)
எங்கள் பாய்மரப் படகின் எஞ்சின் மூன்று சிலிண்டர், 30 குதிரைத்திறன் டீசல். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் கடல்நீர் பம்பு சொட்டத் தொடங்கியிருக்கிறது. முகவரிடம் கேட்டால், சீலும் (கசிவைத் தடுக்கும் வளையம்) பேரிங்கும் தனியாகத் தர மாட்டார்களாம். முழுப் பம்பாகத்தான் வாங்க வேண்டுமாம். விலை 2,400 ரிங்கிட், வந்துசேர மூன்று வாரம். வடகிழக்குப் பருவக்காற்று இருக்கும்போதே வங்கக் கடலைக் கடந்து இலங்கை போய்விட வேண்டும் என்று நிற்பவர்களுக்கு மூன்று வாரம் என்பது பெரிய இழப்பு.

பம்பைப் பிரித்தேன். உள்ளே இரண்டு பேரிங், இரண்டு ஆயில் சீல், ஒரு ஷாஃப்ட், நீரைத் தள்ளும் ஒரு இம்பெல்லர். பேரிங்கில் 6203 என்று பொறித்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் கடையில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். சீலின் அளவும் அதன் முகத்திலேயே இருக்கிறது. நான்கும் சேர்ந்து நூறு ரிங்கிட்டைத் தாண்டாது. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, ஆகவே சுங்கவரியைக் காரணம் காட்டவும் வழியில்லை. இது அநியாயம். உங்களில் யாராவது இந்த விலையை நியாயப்படுத்த முடியுமா?

ஆழிவலவன் (கிள்ளான்)
என்னால் முடியும் தம்பி. படகு எஞ்சின் பழுதுபார்ப்பதுதான் என் தொழில்.

அந்த இரண்டு சீல்களில் ஒன்று கடல்நீரைத் தடுக்கிறது, மற்றொன்று எஞ்சின் ஆயிலைத் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில், பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். சீல் தேய்ந்தால் நீர் அந்தத் துளை வழியாக வெளியே சொட்ட வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. துளை உப்பால் அடைத்து, உள்பக்கச் சீலும் தளர்ந்தால் கடல்நீர் நேராக ஆயிலில் கலக்கும். அப்புறம் பேச்சு பம்பைப் பற்றி இருக்காது, கிராங்க் ஷாஃப்டைப் பற்றி இருக்கும்.

கடையில் கிடைக்கும் சாதாரண ஆயில் சீலின் உதட்டை இறுக்கும் ஸ்பிரிங் வெறும் இரும்பு. கடல்நீரில் துருப்பிடித்து அறுந்துவிடும். அளவு ஒன்றுதான், பொருள் வேறு. பேரிங்கும் அப்படித்தான். பெரிய பெயர்களில் போலிப் பேரிங்குகள் ஆசியச் சந்தை முழுவதும் பரவியிருக்கின்றன, பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு, இந்தப் பொருள் சரியானது என்று ஒருவர் ஏற்கும் பொறுப்புக்கு. இன்னொரு பங்கு, இருபது முப்பது வருடத்துக்கு முந்தைய எஞ்சினுக்கும் கிடங்கில் சரக்கு வைத்திருப்பதற்கு.

கச்சான் (சவுதாம்டன்)
பொறுப்புக்கு விலை கொடுக்க நான் மறுக்கவில்லை ஐயா. தகவலை மறைப்பதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

வால்வோ பென்டாவின் எம்டி2030 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை பெர்க்கின்ஸ் எஞ்சின், வடிவமைப்பு ஜப்பானின் ஷிபாவுராவுடையது. அதே ஷிபாவுரா, போர்டு பெயரில் விற்ற சிறிய டிராக்டர்களுக்கும் எஞ்சின் செய்தது. யான்மார் 3ஒய்எம்30இன் சிலிண்டர் விட்டம் 76 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 82. யான்மாரின் தொழிற்சாலை எஞ்சினான 3டிஎன்வி76க்கும் அதே அளவுதான். பிஸ்டன் வளையம், ஆயில் ஃபில்டர், கேஸ்கெட் என்று எத்தனையோ பாகங்களுக்கு டிராக்டர் பக்கத்தில் ஒரு எண், படகுப் பக்கத்தில் இன்னொரு எண். இரண்டையும் இணைக்கும் பட்டியலை நிறுவனம் தருவதில்லை. படகோட்டிகள்தான் ஒருவருக்கொருவர் எழுதித் திரட்ட வேண்டியிருக்கிறது.

பழைய பெர்க்கின்ஸ் 4-108ஐப் பாருங்கள். உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. வேன்களிலும் படகுகளிலும் ஓடிய எஞ்சின் என்பதால் அதன் பாகங்களைத் தனிக் கடைகள் இன்றும் விற்கின்றன. கிடங்குக் கதை சொல்லி யாரும் அதற்குப் பத்து மடங்கு கேட்பதில்லை.

ஆழிவலவன்
எஞ்சினின் உடலான பிளாக் ஒன்று என்பதற்காக எஞ்சின் ஒன்றாகிவிடாது. படகில் அந்த 76 மில்லிமீட்டர் எஞ்சின் 3,600 சுற்று வரை போகும். டிராக்டரிலோ ஜெனரேட்டரிலோ அதன் வேகமும் சுமையும் வேறு, டீசல் பம்பின் அமைப்பும் வேறு. எண் பொருந்துகிறது என்று டிராக்டரின் டீசல் பம்பை மாட்டிவிட்டு, புகை கக்குகிறது என்று என்னிடம் வருகிறார்கள்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். கடல்நீரையே நேராகச் சுற்றவிட்டுக் குளிரும் பழைய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் நீர்வழியைத் திறக்கும் வால்வு) குறைந்த வெப்பத்திலேயே திறக்க வேண்டும். அறுபது டிகிரிக்கு மேல் போனால் உப்பு உள்ளேயே படியும். அங்கே எண்பது டிகிரிக்கு மேல் திறக்கும் கார் தெர்மோஸ்டாட்டைப் போட்டால் நீர்வழி மெல்ல அடைபடும்.

அடுத்தது ஆயில் அழுத்தத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் உணரியான சென்டர். ஐரோப்பிய வகையில் அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் 180. அமெரிக்க வகையில் அழுத்தம் இல்லாதபோது 240, முழுவதில் 33. மரை பொருந்துகிறது என்று ஐரோப்பிய மீட்டருக்கு அமெரிக்க சென்டரை மாட்டினால், ஆயிலே இல்லாத எஞ்சினுக்கு மீட்டர் முழு அழுத்தம் காட்டும்.

கச்சான்
நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. எத்தனை டிகிரி, எத்தனை ஓம், என்ன ஸ்பிரிங் என்று பாகத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி அச்சிட்டால் இந்தத் தவறுகள் நடக்காது. அந்த வரியை அச்சிடாமல் இருப்பதில்தான் லாபம் இருக்கிறது.

சோழகம் (மொரிசியஸ்)
விலையைப் பற்றியே இரண்டு பேரும் பேசுகிறீர்கள். நாங்கள் கோகோஸ் கீலிங், ரொட்ரிக்ஸ் தீவுகள் வழியாக இங்கே வந்தோம். கோகோஸுக்கு எதுவானாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்திலோ சரக்குக் கப்பலிலோ வர வேண்டும். ரொட்ரிக்ஸில் போர்ட் லூயிஸ் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். சாகோஸ் தீவுகளில் நங்கூரமிடுபவர்களுக்குக் கடை என்ற ஒன்றே கிடையாது. அங்கே நிற்கும்போது 2,400 ரிங்கிட்டும் சரி, நூறும் சரி, படகில் இல்லாத பாகம் இல்லாததுதான்.

புதிய எஞ்சின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பீட்டா, நானி இரண்டும் பெரும்பாலும் குபோட்டா எஞ்சினைப் படகுக்கு ஏற்றபடி மாற்றியவை. குபோட்டா டிராக்டர் உழும் ஊரில் ஃபில்டரும் இன்ஜெக்டரும் கிடைக்கும், தாய்லாந்திலும் இந்தியாவிலும் அது எத்தனையோ ஊர். ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் நீரின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றுவது), எக்சாஸ்ட் எல்போ (புகை வெளியேறும் வளைகுழாய்), கடல்நீர் பம்பு ஆகியவை டிராக்டரில் கிடையாது. கடல் முதலில் அரிப்பதும் அவற்றைத்தான். அவை படகிலேயே இருக்க வேண்டும். எல்போவை மட்டும் நல்ல வெல்டரிடம் 316 துருப்பிடிக்காத எஃகில் செய்துகொள்ளலாம். எங்களுடையது அப்படிச் செய்ததுதான்.

கொண்டல்
அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டுமென்றால் விலைதான் மறுபடியும் குறுக்கே நிற்கிறது. இரண்டு பம்பு, இரண்டு எல்போ, ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று நிறுவன விலையில் கணக்குப் போட்டால் எங்கள் ஆறுமாதச் சாப்பாட்டுச் செலவு போய்விடும். ஓய்வூதியத்தில் பயணம் செய்கிறவர்கள் பலர் பாகம் இல்லாமலே கிளம்புவது இதனால்தான். அதிக விலை யாரையும் பாதுகாப்பாக வைக்கவில்லை.

ஆழிவலவன் அண்ணா, பினாங்கில் சீல் மட்டும் விற்கும் கடையில் விசாரித்தேன். துருப்பிடிக்காத ஸ்பிரிங் வைத்த சீல் அதே அளவில் இருக்கிறது. பேரிங்கை ஒரு தொழிற்சாலை விநியோகஸ்தரிடம் ரசீதோடு வாங்கலாம். இப்போதும் வேண்டாம் என்பீர்களா?

ஆழிவலவன்
வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷாஃப்டைத் துடைத்துவிட்டு, சீலின் உதடு ஓடிய இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் எந்தச் சீலும் நிற்காது.

கொண்டல்
லேசாக மாட்டுகிறது. ஷாஃப்டும் தனியாகத் தருவதில்லையாம்.

கச்சான்
பார்த்தீர்களா? ஷாஃப்டைத் தனியாக விற்காததற்கு எந்தப் பொறியியல் காரணமும் இல்லை. பம்பின் பின்மூடியில் பம்பைச் செய்த நிறுவனத்தின் பெயரும் மாதிரி எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள் கொண்டல். பெரும்பாலான எஞ்சின் நிறுவனங்கள் பம்பைத் தாங்களே செய்வதில்லை. பம்பு நிறுவனத்தின் முகவர் ஷாஃப்டையும் சீலையும் ஒரே பொதியாக விற்கக்கூடும்.

ஆழிவலவன்
அதைத் தேடுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். கிடைக்காவிட்டால், இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பொருத்துங்கள், உதடு தேயாத பகுதியில் உட்காரும். நடுத்துளையை அடைக்காதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டி, துளைக்குக் கீழே காகிதம் வைத்துப் பாருங்கள். ஆயில் கோலை எடுத்து, பால் நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் இது இலங்கை வரைக்கும்தான். புதிய பம்பை இன்றே சொல்லிவைத்து, இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பொதியின் மேல் படகின் பெயரையும், கடந்துசெல்லும் படகுக்கான உதிரிபாகம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அங்கே சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்பதை உங்கள் கப்பல் முகவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கொண்டல்
பின்மூடியில் சுண்ணாம்புபோல் உப்பு ஏறியிருக்கிறது, வினிகரில் ஊறப்போட்டிருக்கிறேன். எண் தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதே பம்பு வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.