வெள்ளக் காலத்தில் உதவிக் கோரிக்கைகளைத் தொகுப்பது எப்படி?

கடலூர் வாசி:
அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் ஒரு தகவல் குழுவை அமைக்க விரும்புகிறோம். சென்ற வெள்ளத்தில் ஒரே வீட்டுக்கான கோரிக்கை பல வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. படகு போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் யாருமில்லை. அவர்கள் முந்தின நாளே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இம்முறை இதற்கென ஒரு செயலி உருவாக்கலாமா, கூகுள் படிவமே போதுமா? கைபேசி இணைப்பு அற்றுப்போனால் என்ன வழி?

பாலாற்றங்கரை:
செயலியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். கோரிக்கை வந்த நேரம், கடைசியாகச் சரிபார்த்த நேரம், இப்போது அதற்குப் பொறுப்பானவர் யார் என்ற மூன்றும் உங்கள் பதிவில் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் சொன்ன படகு வீணாகப் போனதற்குக் காரணம், அந்தக் கோரிக்கையை முடித்துவைக்கும் பொறுப்பு யாரிடமும் இல்லாததுதான். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது இணையத்தில் பதிவான கோரிக்கைகளைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்தார்கள். மீட்புப் பணிக்கு அந்த அழைப்புகள் பெரிதும் உதவின.

ஹெய்ட்டியில் 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பின் 4636 என்ற எண்ணுக்கு மக்கள் இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தார்கள். செய்திகள் ஹெய்ட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழியில் வந்தன. பல இடங்கள் அப்போதைய வரைபடங்களில் இல்லை. வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெய்ட்டியர்கள் அவற்றை மொழிபெயர்த்து, எந்தப் பேட்டை, எந்தச் சந்து என்று அடையாளம் காட்டினார்கள். யாரும் சேர்ந்து வரையக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை வரைந்தார்கள். நம் ஊரிலும் 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால்' என்றுதான் முகவரி வரும். அது எந்தப் பிள்ளையார் கோயில் என்று தெரிந்த ஆளை, தெருவுக்கு ஒருவராக இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அலைவரிசை:
இணைப்பு குறித்த கேள்விக்கு என் பதில் இது. 2015 டிசம்பரில் சென்னையில் பல கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்ததற்கு, மின்சாரம் போனதோடு ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லாததும் ஒரு காரணம். நெரிசலில் குரல் அழைப்பு கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்; எனவே ஊர், தெரு, ஆட்கள், தேவை என்ற வரிசையில் ஒரே வரியில் எழுதும் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். கைபேசிக் கோபுரம் இல்லாமலே ஆர்வலர்கள் தொலைவில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்குத் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டியிருப்பதால், மழை வந்த பிறகு தொடங்கினால் பயனில்லை. 2004 சுனாமியின்போது வேறு வேலையாகப் போர்ட் பிளேர் சென்றிருந்த ஹாம் குழுவினர்தான் அந்தமானுக்கும் இந்தியப் பெருநிலப் பகுதிக்கும் இடையே செய்தி பரிமாற உதவினார்கள். செயற்கைக்கோள் தொலைபேசியை மட்டும் அரசு அனுமதியின்றி வாங்கிவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

அதே சுனாமியின்போது புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியாக அது ஊர் முழுவதும் அறிவிக்கப்பட்டதால் மக்கள் வெளியேறித் தப்பினார்கள். அன்றாடம் மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்லிவந்த ஒலிபெருக்கி என்பதால் மக்கள் அதை நம்பினார்கள். உங்கள் ஊரில் அப்படி நம்பிக்கை பெற்ற ஒலிபெருக்கி கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ இருக்கும்; அதற்கு பேட்டரி ஏற்பாடு செய்யுங்கள்.

மருதம்:
ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் பெண்கள், முதியவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள் ஆகியோரின் பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியலைப் பொதுக் குழுக்களில் பகிராதீர்கள். அவை வெள்ளம் வடிந்த பிறகும் அழியாமல் சுற்றுகின்றன. தொல்லை அழைப்புகளும் வருகின்றன. முழுப் பட்டியல் இருவரிடம் இருக்கட்டும், படகுக்காரருக்கு இடமும் ஆட்களின் எண்ணிக்கையும் போதும்.

கடலூர் வாசி:
மிக்க நன்றி. தெருவுக்கு ஒருவர் என்ற யோசனையிலிருந்தே தொடங்குகிறோம். கோரிக்கை முடிந்ததை யார் உறுதிசெய்வது: மீட்டவரா, மீட்கப்பட்டவரா?

பாலாற்றங்கரை:
மீட்கப்பட்டவரோ, அவர் சேர்ந்த முகாமின் பொறுப்பாளரோதான். மீட்டவர் சொல்வதை 'படகு சென்றது' என்று மட்டும் குறியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு நீங்கள் அனுப்பிய கோரிக்கையாக இருந்தால், அங்கும் சொல்லி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு படகு அங்கே போகும்.