பன்னிரண்டு சீஷர்களும் எப்படி இறந்தார்கள்? சார்ட்டில் எதை எழுதுவது?

சண்டே ஸ்கூல் மிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர். அடுத்த மாதம் ஆண்டுவிழாவுக்கு, சீஷர்கள் ஒவ்வொருவரும் எப்படி மரித்தார்கள் என்று ஒரு சார்ட் ஒட்டலாம் என நினைத்தேன். வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நாலு தடவை சுற்றி வருமே ஒரு பட்டியல், பேதுரு தலைகீழாகச் சிலுவையில், பர்த்தொலொமேயு தோலுரிக்கப்பட்டு, தோமா ஈட்டியால், சீமோன் ரம்பத்தால் என்று, அதை அப்படியே போர்டில் எழுத ஆரம்பித்தேன்.

எழுதி முடிக்கும் முன்பே ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். "மிஸ், இதெல்லாம் பைபிள்ல எந்த வசனம்?" எல்லாருமாகத் தேடினோம். யாக்கோபுக்கு மட்டும் ஒரு வசனம் அகப்பட்டது. "அப்போ மத்தவங்களை யாரு மிஸ் பாத்துட்டு வந்து சொன்னாங்க?" என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த அடுத்த வாரம் நாளை மறுநாள் வருகிறது.

பெரியவர்களிடம் கேட்டால் "பாரம்பரியம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எது உறுதி, எது கதை? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நெய்தல்:

மிஸ், இவ்வளவு யோசிக்க வேண்டாம். யாராவது பொய்க்காக உயிரைக் கொடுப்பார்களா? அத்தனை பேரும் கொடுத்தார்கள் என்றால் அவர்கள் கண்டது உண்மை. பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்தால் போதும். பட்டியலை அப்படியே ஒட்டிவிடுங்கள்.

பழைய வாத்தியார்:

டீச்சரம்மா, முதலில் அந்தப் பிள்ளைக்கு என் கணக்கில் ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்கள். முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தினேன். "யார் பார்த்தது?" என்று கேட்ட மாணவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் கத்தோலிக்கன். என் அம்மா வாயில் பேதுரு என்றால் இராயப்பர், பவுல் என்றால் சின்னப்பர், அந்திரேயா என்றால் பெலவேந்திரர். உங்கள் பைபிளில் உள்ள பெயர்களையே எழுதப் பார்க்கிறேன், எங்காவது வழுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு வசனத்திலிருந்தே தொடங்குவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 12:2. செபெதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான். இந்த ஏரோது முதலாம் அகிரிப்பா. அவன் கி.பி. 44இல் செத்துப்போனான், ஆகவே இது அதற்கு முன்பு நடந்தது. அவ்வளவுதான் செய்தி. யாக்கோபு என்ன பேசினார், யார் அழுதார்கள், எங்கே புதைத்தார்கள், ஒன்றும் கிடையாது. அதே அதிகாரத்தில், பேதுருவின் குரலைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிய ரோதை என்ற வேலைக்காரப் பெண்ணுக்கு இதைவிட அதிக வரிகள். அதனால்தான் எனக்கு அந்த வரிமேல் நம்பிக்கை. தெரிந்ததைச் சொல்லிவிட்டு எழுதியவர் நகர்ந்துவிடுகிறார்.

நூற்றைம்பது வருடம் கழித்துப் பாருங்கள். கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியா கிளமெந்து என்ற திருச்சபை ஆசிரியர் இதே மரணத்துக்கு ஒரு துணைக்கதை தருகிறார். யாக்கோபை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவனே அவருடைய சாட்சியைக் கேட்டு மனம் மாறினானாம். போகிற வழியில் மன்னிப்புக் கேட்டானாம். யாக்கோபு அவனை முத்தமிட்டாராம். இருவர் தலையும் சேர்ந்தே வெட்டுப்பட்டதாம். நல்ல கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் வசனத்தில் இல்லை. உங்கள் பட்டியல் முழுவதும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. காலம் தள்ளத் தள்ள விவரம் கூடுகிறது. பள்ளிக்கூடத்தில் நடந்த சண்டையை ஒவ்வொரு பையனும் வீட்டில் போய்ச் சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேதுரு விஷயத்தில் அடித்தளம் கெட்டியாகவே இருக்கிறது. முதிர்வயதில் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன்னைக் கட்டி, விருப்பமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்று யோவான் 21இல் இயேசு சொல்கிறார். எப்படிப்பட்ட மரணம் என்று காட்டவே அப்படிச் சொன்னார் என்று அடுத்த வசனமே விளக்குகிறது. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோம் சபை கொரிந்து சபைக்கு எழுதிய கடிதம் பேதுரு, பவுல் இருவரின் பாடுகளையும் நினைவுகூருகிறது, ஆனால் எந்த விதத்தில் இறந்தார்கள் என்று சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் காயு என்பவர், ரோமுக்கு வந்தால் வத்திக்கானிலும் ஒஸ்தியா சாலையிலும் இருவரின் நினைவுச்சின்னங்களையும் காட்டுகிறேன் என்று சவால் விடுகிறார். ஆகவே பேதுரு ரோமில் நீரோ காலத்தில் கொல்லப்பட்டார் என்பதைத் தைரியமாக எழுதலாம்.

தலைகீழ்தான் சிக்கல். அது இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த 'பேதுருவின் நடபடிகள்' என்ற நூலில் வருகிறது. அதில் காரணமும் வேறு! "என் ஆண்டவரைப் போல் சாக எனக்குத் தகுதியில்லை" என்று நாம் கேட்டு வளர்ந்தோமே, அது அங்கே இல்லை. முதல் மனிதன் தலைகீழாக விழுந்தான், அதற்கு அடையாளமாக நானும் இப்படித் தொங்குகிறேன் என்று சிலுவையில் தொங்கியபடியே நீண்ட பிரசங்கம் செய்கிறார். தாழ்மைக் காரணத்தை நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஜெரோம் தெளிவாக எழுதுகிறார். நமக்குப் பிடித்தது அதுதான், அதனால் அது நின்றுவிட்டது.

நெய்தல் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. "அத்தனை பேரும்" என்ற இடத்தில்தான் உன் வாதம் நொண்டுகிறது. ஹெராக்லியோன் என்று இரண்டாம் நூற்றாண்டில் ஓர் ஆசிரியர் இருந்தார். ஞானவாதக் கூட்டம், திருச்சபை ஒதுக்கிய ஆள். இரட்சிப்படைந்த எல்லாருமே அதிகாரிகள் முன்னால் வாயால் அறிக்கையிட்டு இறந்தவர்கள் அல்ல என்று எழுதி, அப்படி இறக்காதவர்களின் பெயரையும் தருகிறார்: மத்தேயு, பிலிப்பு, தோமா, லேவி. இதை மேற்கோள் காட்டுகிறவர் அதே கிளமெந்துதான். அவர் அந்தப் பெயர்களை மறுக்கவில்லை. லேவியை விட்டுவிட்டாலும், பன்னிருவரில் மூன்று பேர் கட்டிலில் படுத்துச் செத்திருக்கலாம் என்பது, அவர்கள் கொல்லப்பட்ட கதைகளைவிடப் பழைய செய்தி. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் பிரசங்கித்தார்கள் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் போனால் நம் கையில் தாள் இல்லை.

பிலிப்பு இதற்கு ஒத்துவருகிறார். எபேசுவின் ஆயர் பொலிக்கிராத்தெஸ் கி.பி. 190 வாக்கில் எழுதிய கடிதத்தில், பன்னிருவரில் ஒருவரான பிலிப்பு எராப்போலியில் நித்திரையடைந்திருக்கிறார் என்கிறார். சிமிர்னா ஊரின் ஆயர் பொலிக்கார்ப்புவை அதே கடிதத்தில் இரத்தசாட்சி என்று அழைக்கிறார், பிலிப்புவை அழைக்கவில்லை. கணுக்காலில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கதை நான்காம் நூற்றாண்டு வாக்கில்தான் வருகிறது. எராப்போலி இன்றைய துருக்கியில் பாமுக்கலே, அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக் குளங்கள் இருக்கும் இடம். அவர் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டதாக 2011இல் இத்தாலிய அகழாய்வுக் குழு ஒன்று அறிவித்தது.

அந்தக் கொக்கிக் கதையில் பர்த்தொலொமேயுவும் கூட இருக்கிறார், ஆனால் அங்கே உயிர் தப்பிவிடுகிறார். பிறகு அர்மேனியாவில் தோலுரிக்கப்படுகிறார் என்பது வேறொரு கதை. எங்கள் ஊர்க் கோயிலில் சின்ன வயதில் ஒரு சுரூபம் இருந்தது. தாடி வைத்த மனிதர், கையில் கத்தி. நாங்கள் அவரைக் கத்திச்சாமி என்போம். கல்யாணச் சமையல்காரர்களுக்குப் பாதுகாவலர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்! அவரை உரித்த கத்தி அது என்று அம்மா சொன்ன இரவு தூங்கவில்லை. மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயத்தில் இவர் கையில் உரித்த தோலையே கொடுத்திருக்கிறார். அந்தத் தோலில் தொங்கும் முகம் ஓவியரின் சொந்த முகம் என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் படம் வேண்டாம்.

சீமோனின் ரம்பமும் ததேயுவின் தடியும் பெரும்பாலும் சிற்பிகளுக்கு உதவிய சாமான்கள் என்பது என் எண்ணம். பன்னிரண்டு தாடிக்காரர்களை வரிசையாக நிறுத்தினால் யார் யார் என்று எப்படித் தெரியும்? அந்திரேயாவின் பெருக்கல்குறிச் சிலுவையும் இடைக்காலத்தில்தான் பரவியது. பழைய கதையில் கிரேக்க நாட்டுப் பத்ராஸ் ஊரில் ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுகிறார்கள், சீக்கிரம் சாகக்கூடாது என்று.

அல்பேயுவின் மகன் யாக்கோபைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தேவாலய உச்சியிலிருந்து தள்ளிவிட்டுக் கொன்றார்கள் என்று உங்கள் பட்டியல் சொன்னால், அது கர்த்தரின் சகோதரன் யாக்கோபின் கதை. அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸே எழுதியிருக்கிறார், ஆண்டு 62. எங்கள் சபையில் நீண்டகாலம் இருவரையும் ஒருவராகவே வைத்திருந்தோம். உங்களிடம் அந்தப் பழக்கம் இல்லை.

தோமாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும். சென்னைக்காரர்கள் யாராவது வாருங்கள்.

மயிலை வாசி:

வந்துட்டேன் ஐயா. சாந்தோம் பேராலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில்தான் வீடு. பரங்கிமலையில் பிராமணர் ஒருவர் ஈட்டியால் குத்தினார் என்பதுதான் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் 1290களில் இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ எழுதியிருப்பதைப் படித்தபோது ஆடிப்போய்விட்டேன். கொலையே இல்லை! தோமா காட்டில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் மயில்கள். மயில் வேட்டைக்கு வந்த ஒருவன் அம்பு விடுகிறான். மயிலுக்கு வைத்த குறி தவறி அவருடைய வலது விலாவில் பாய்கிறது. மயிலாப்பூரில் மயிலால் வந்த சாவு. ஊர்ப்பெயருக்காகவே யாரோ கட்டிய கதை மாதிரி இருக்கிறது, ஆனாலும் மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். யார்மேலும் பழி இல்லை பாருங்கள்.

அங்கே வரும் கிறிஸ்தவர்கள் அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

பழைய வாத்தியார்:

அம்மா, அந்த மண்ணைச் சொன்னீர்களே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். மார்கோ போலோவுக்கு ஆயிரம் வருடம் முன்பு, மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்தது 'தோமாவின் நடபடிகள்'. அதில் மஸ்தாய் என்ற ராஜா கட்டளையிட, நான்கு வீரர்கள் மலையில் ஈட்டியால் குத்துகிறார்கள். பிறகு ராஜாவின் மகனுக்கு நோய். எலும்பு ஒன்றை எடுத்து மகன்மேல் கட்டலாம் என்று கல்லறையைத் திறக்கிறான். எலும்புகள் இல்லை, மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். கிடந்த மண்ணை அள்ளிப்போய்ப் பூசுகிறான், மகன் பிழைக்கிறான்.

மேற்கு என்றால் எதெசா, இன்றைய துருக்கியில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் கடைசிக் காலத்தில் அந்த ஊரில் வாழ்ந்த கவிஞர் எப்ரேம், இந்தியாவில் நான் கொன்றவன் இங்கேயும் வந்துவிட்டானே என்று சாத்தான் புலம்புவதாகப் பாடியிருக்கிறார். 1258இல் எலும்புகள் இத்தாலியில் ஒர்த்தோனாவுக்குப் போயின என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. ஆக, எலும்பு அவர்களுக்கு, மண் நமக்கு.

அதே நூலில் தோமாவை வேலைக்கு வைக்கும் கொந்தபோரஸ் என்ற ராஜாவை வெறும் கற்பனை என்றே நினைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமேற்கில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. முதல் நூற்றாண்டு ராஜாதான். அதனால் கதை முழுதும் நடந்தது என்று ஆகிவிடாது. ஆனால் எழுதியவருக்கு எங்கிருந்தோ ஒரு உண்மையான பெயர் வந்து சேர்ந்திருக்கிறது.

சண்டே ஸ்கூல் மிஸ்:

ஐயா, ராத்திரி முழுக்கப் படித்தேன். இரண்டே இரண்டு சந்தேகம். யூதாஸ் நான்றுகொண்டு செத்தானா, விழுந்து வயிறு வெடித்துச் செத்தானா? யோவான் கட்டத்தில் என்ன எழுதுவது? கொதிக்கும் எண்ணெய் உண்மையா?

பழைய வாத்தியார்:

யூதாஸுக்கு மத்தேயு 27 ஒன்று சொல்கிறது, நடபடிகள் 1 இன்னொன்று சொல்கிறது. நிலத்தை வாங்கியது ஆசாரியர்களா, அவனேவா என்பதிலும் இரண்டு விதம். கயிறு அறுந்து விழுந்தான் என்று ஒட்டுப்போடாதீர்கள், இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்வாள்.

எண்ணெய்க் கதையை கி.பி. 200 வாக்கில் தெர்த்துல்லியன் சொல்கிறார், யோவானுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் அவரே சொல்கிறார். அதற்குச் சற்று முன்பு எழுதிய இரேனேயு, ரோமப் பேரரசன் திராயான் காலம் வரை யோவான் எபேசுவில் இருந்தார் என்கிறார். திராயான் பட்டத்துக்கு வந்தது 98இல், கிழவருக்கு எவ்வளவு வயது இருந்திருக்கும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் ஒன்றும் இருக்கிறது. யோவான் சாகவில்லை, கல்லறையில் தூங்குகிறார், மூச்சுவிடும்போது மேலிருக்கும் மண் ஏறி இறங்குகிறது என்று ஒரு பேச்சு உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் அதை எழுதி வைத்திருக்கிறார்.

சண்டே ஸ்கூல் மிஸ்:

வகுப்பு முடிந்து வந்து எழுதுகிறேன். சார்ட்டில் மூன்று கட்டம் போட்டோம்: பெயர், என்ன சொல்கிறார்கள், முதலில் எழுதியது எப்போது. யாக்கோபுக்குப் பச்சை மை, பேதுருவுக்குப் பாதிப் பச்சை. தோமாவுக்கு ஈட்டி, மயில், கட்டில் மூன்றையும் வரைந்து கேள்விக்குறி போட்டார்கள். யூதாஸுக்குப் பதிலாக வந்த மத்தியாவின் கட்டத்தில் போட எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, வெறுமையாக விட்டோம். நெய்தல் அண்ணன் சொன்னதையும் சொன்னேன். ஒரு பையன், "அப்போ கட்டில்ல செத்தவங்களும் நல்லவங்கதானே மிஸ்?" என்று கேட்டான்.

மிட்டாய் கொடுத்தாயிற்று ஐயா. வாங்கியவள்தான் யோவான் கட்டத்தை வரைந்தாள். ஒரு மண்மேடு, அதன்மேல் சின்னதாக ஒரு பூ, பக்கத்தில் கொட்டை எழுத்தில் "உஷ்".